மலையகத்தில் சட்டத்தரணி அலுவலகம்: உயர்தரமாகவும் சுற்றாடலுக்கு உகந்ததாகவும் அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ புதிதாக அலுவலகம் திறக்கும் சட்டத்தரணிகள் உள்ளலங்கார வேலை பேச வரும்போது, பெரும்பாலும் போனில் கொழும்பு அலுவலகப் படங்களைக் காட்டுவார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடித் தடுப்பு, சுவருக்குச் சுவர் கம்பளம், இறக்குமதி மார்பிள், மேலே ஏசி. வருடம் முழுக்க வியர்க்கும் கடலோர ஊருக்காக யோசித்த அலுவலகம் அது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டருக்கு மேலே. இங்கே அந்தக் கம்பளத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கண்ணாடி காலையில் வியர்த்து வழியும், மார்பிளில் கால் விறைக்கும். ஏசி தேவையே இல்லை.

மலையகத்தில் உயர்தர அலுவலகம் என்றால் என் கணக்கில் மூன்று விஷயம்தான்: உள்ளே ஈரம் இருக்கக்கூடாது, குளிர் ஏறக்கூடாது, அறைக்குள் பேசியது வெளியே கேட்கக்கூடாது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் மின்சாரச் செலவு குறையும், போட்ட பொருள் பல வருடம் நிற்கும். அதற்குமேல் சுற்றாடலுக்கு என்று தனியாகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எனவே பெயின்ட் நிறத்தைப் பற்றிய பேச்சு இப்போதைக்கு வேண்டாம். மழையிலிருந்து ஆரம்பிப்போம்.

மழை நாளில் போய்ப் பாருங்கள்

வாடகைக்கு எடுக்கப்போகும் இடத்தைக் கட்டட உரிமையாளர் வெயில் நாளில்தான் காட்டுவார். நீங்கள் நல்ல மழை நாளில் இன்னொரு தடவை போங்கள். ஹட்டன், கினிகத்தேனை பக்கம் என்றால் மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவத்தில். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் வருடக் கடைசியில் தொடங்கும் வடகீழ் பருவத்தில். பீலி நிரம்பி எங்கே வழிகிறது, அந்தத் தண்ணீர் எந்தச் சுவரில் அடிக்கிறது என்று நின்று கவனியுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது இரண்டு பேர் சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பின்சுவர். நம் ஊர்க் கடைவீதிகள் பலவும் மலையை வெட்டி எழுப்பியவை. முன்பக்கம் பிரதான வீதி, பின்பக்கம் மண் திட்டு. அந்த மண்ணோடு ஒட்டி நிற்கும் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் இரண்டாவது மழைக்காலத்தில் தோல் உரிந்ததுபோல் கழன்றுவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு அடி சதுரத்துக்குத் தடித்த பொலித்தீன் தாள் வெட்டி, சுவரில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து சுவருக்குள் ஊறி வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் உள்காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குச் சுவருக்கு வெளியே கான் வெட்டி, கல் நிரப்பி, தண்ணீரை வழிமாற்ற வேண்டும். உள்ளே என்ன பூசினாலும் அது தீர்வாகாது. இரண்டாவதற்குக் காற்றோட்டமும் கொஞ்சம் சூடும் போதும்.

ஊறும் சுவர் காயும்வரை அதற்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே போக விடும். பழைய துரை பங்களாக்களின் தடித்த கல்சுவர்களுக்கும் அதுதான் பொருத்தம்.

பின்பக்க மண் திட்டை இன்னும் கொஞ்சம் வெட்டி ஒரு அறை கூட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் கட்டட வேலைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றுவிட்டுத்தான் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ போக வேண்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகம் முழுவதும் நடந்ததும் நமக்குத் தெரியும். சரிவு எச்சரிக்கை வரும் இடத்தில் அலுவலகமே போடாதீர்கள். அங்கே போட்டுவிட்டு உள்ளே எவ்வளவு செலவழித்தாலும் பயன் இல்லை.

உள்ளே வருபவர் யார்?

வரைபடம் போடும் முன் ஒரு வழக்கு நாள் காலையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு அம்மா வருகிறார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சேலை ஓரம் நனைந்திருக்கிறது. கையில் ஷொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் சேமலாப நிதிக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும். பளபளப்பான தரையில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்று, "ஐயா இருக்காருங்களா?" என்று கேட்பார்.

அவர் தயங்காமல் உள்ளே வந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் வாசல். குறைந்தது ஆறடி நீளத்துக்குத் தரையில் குழி இறக்கி, அதில் தடித்த தும்புக் காலடி விரிப்புப் போடுங்கள். ஆறடி என்றால் இரண்டு மூன்று எட்டு நடப்பதற்குள் செருப்பின் ஈரம் இறங்கிவிடும். குடை நிறுத்த அடியில் தட்டுடன் ஒரு தாங்கி, ஈரக் கோட்டு தொங்கவிடக் கொளுக்கிகள், சாய்மானமுள்ள மர வாங்கு. தமிழிலும் சிங்களத்திலும் தெளிவான பெயர்ப்பலகை. அலுவலகத்தின் தரத்தைக் கட்சிக்காரர் முதலில் உணர்வது இந்த இடத்தில்தான். இங்கே செலவைக் குறைத்துவிட்டுப் பெரிய சட்டத்தரணியின் மேசையில் கொட்டும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

காத்திருக்கும் இடத்திலிருந்து ஆலோசனை அறைக்குப் போகும் வழியில் லிகிதர்களின் மேசையோ கோப்புகளோ கண்ணில் படக்கூடாது. எதிர்த்தரப்பு ஆட்களும் அதே வாங்கில் உட்கார்ந்திருக்கலாம்.

பேச்சு வெளியே போகாமல் இருக்க

கட்சிக்காரர் தன் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 126ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தடுப்புச் சுவர் அந்தக் கடமையைத் தாங்க வேண்டும். பலகைத் தடுப்பைப் பொய்க்கூரை வரை எழுப்பி நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. சத்தம் பொய்க்கூரைக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். தடுப்பை மேல்தளம் வரை, அல்லது உண்மையான கூரை வரை கொண்டுபோங்கள். இரு பக்கமும் இரட்டை ஜிப்சம் பலகை, நடுவில் கனிமப் பஞ்சு (ரொக் வூல்). ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் பிளக் பொயின்ட் வைத்தால் அந்தத் துளை வழியாகவே பேச்சு போகும். அவற்றை ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

கதவு கட்டை மரமாக இருக்கட்டும். உள்ளே வெற்றிடமுள்ள கதவு வேண்டாம். கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி, அடியில் இடைவெளியை மூடும் பட்டி. கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆள் உயரத்துக்கு மேலே மட்டும், லெமினேட் செய்த தடித்த கண்ணாடியாகப் போடுங்கள். வெளிச்சம் உள்ளே வரும், முகம் தெரியாது.

தகரக் கூரையானால் பொய்க்கூரைக்கு மேல் நாலு அங்குலப் பஞ்சு போடுவது மழைச் சத்தத்தையும் குளிரையும் ஒருசேரக் குறைக்கும். ஆனால் தகரத்தின் அடியில் இரவில் பனி வியர்த்துச் சொட்டும். பஞ்சுக்கு மேலே காற்று போக இடைவெளியும் தகரத்துக்கு அடியில் ஃபொயில் விரிப்பும் இல்லாவிட்டால் பஞ்சு ஊறிப்போய்க் கூரையே தொங்கிவிடும்.

குளிரும் வெளிச்சமும்

ஹீட்டர் வாங்கும் முன் காற்று புகும் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். பழைய மர யன்னல்களைக் கழற்றி எறியாமல் ஆசாரியிடம் கொடுத்துச் செப்பனிட்டு, ஓரத்தில் நுரைப்பட்டி ஒட்டி, உள்துணி வைத்துத் தைத்த கனமான திரைச்சீலை போட்டாலே அறை மாறிவிடும். இரட்டைக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் வாடகைக் கட்டடத்தில் அந்தச் செலவு திரும்பி வராது. காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்தில் அலுவலர்களை உட்கார வையுங்கள். பயன்படுத்தாத கணப்பின் புகைபோக்கிக்கு மேலே மூடி போடுங்கள், அது வழியாக மழையும் ஈரக்காற்றும் இறங்கும். இவ்வளவும் செய்தபிறகும் குளிர்ந்தால், முழு அறையையும் சூடாக்குவதை விட மேசைக்கு அடியில் வைக்கும் சிறிய சூட்டுத் தகடு நல்லது. மிகக் குறைந்த மின்சாரத்தில் காலும் முழங்காலும் சூடாக இருக்கும்.

பனிமூட்ட நாட்களில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். வாசிக்கும் மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். அதை முழுக் கூரையிலும் கொடுக்காமல் மேசை விளக்கால் கொடுங்கள். எல்.ஈ.டி. வாங்கும்போது வொட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். நிறத்தைச் சரியாகக் காட்டும் திறன், பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பது, 90க்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய உறுதியில் இரண்டு கையொப்பங்களின் மையை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

மரம்

தேக்கு உலர் வலயத்திலிருந்துதான் லொறியில் ஏறி வர வேண்டும். பலா, ஈரப்பலா மரங்களை வெட்டச் சட்டப்படி அனுமதி வேண்டும். சட்டத்தரணி அலுவலகத்துக்கு வரும் பலகைக்கு அனுமதிச் சீட்டும் பற்றுச்சீட்டும் இல்லாமல் இருப்பது சரியல்ல, எனவே மரக்காலையில் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்திலேயே இருப்பவை தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும், நாம் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா, மரக்காலையில் கிராண்டிஸ் என்று சொல்லும் யூக்கலிப்டஸ், பைனஸ். இவற்றில் கிராண்டிஸ் நல்ல இளஞ்சிவப்பு நிறம், மெழுகு போட்டுத் தேய்த்தால் அலுமாரிக்கும் மேசைக்கும் அழகாக வரும். ஆனால் சரியாகக் காயாவிட்டால் முறுக்கும், வெடிக்கும்.

"சேர், பலகை நல்லா காஞ்சிருச்சு, பயப்படாதீங்க" என்று ஆசாரி சொல்லுவார். அவர் பொய் சொல்வதில்லை, வெயிலில் வைத்த மேற்பக்கம் காய்ந்துதான் இருக்கும். "அண்ணே, மீற்றரை ஒருக்கா வச்சுப் பார்ப்போமே" என்று சொல்லி, பலகையின் ஒரு முனையைப் புதிதாக அறுத்து, அறுத்த முகத்தில் ஈரமானியின் இரண்டு ஊசியையும் குத்துங்கள். 12 முதல் 15 வீதம் காட்டினால் வேலை தொடங்கலாம். 20ஐத் தாண்டினால் குச்சி வைத்து அடுக்கி, காற்றில் இன்னும் விட வேண்டும். காய்ந்து வந்த பலகையையும் அலுவலக அறைக்குள்ளேயே இரண்டு வாரம் அடுக்கி வைத்துவிட்டு அறுத்தால், அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகிவிடும். துளைப்பூச்சிக்குப் போரிக்-போராக்ஸ் கரைசல் போதும், கடும் நஞ்சு தேவையில்லை.

புது மரத்தைவிட எனக்குப் பிடித்தது பழைய மரம். மூடிய தேயிலைத் தொழிற்சாலைகளும் இடிக்கும் பங்களாக்களும் தரும் விட்டங்கள், கதவுகள், தரைப்பலகைகள் ஐம்பது நூறு வருடம் காய்ந்தவை, இனி அசையாது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை அப்படியே ஹோட்டலாக்கியிருப்பதைப் போய்ப் பாருங்கள். இரும்புத் தூணையும் பெரிய இயந்திரத்தையும் மறைக்காமலேயே ஒரு கட்டடம் எவ்வளவு மிடுக்காக இருக்கலாம் என்று விளங்கும். பிடுங்கிய கிழட்டுத் தேயிலையின் வேர் முண்டைச் சுத்தம் செய்து, மேலே கண்ணாடி வைத்து காத்திருப்போர் மேசை செய்யலாம். தோட்டத்திலிருந்து வருகிறவர் எவரும் அதைப் பார்த்ததும் தொட்டுப் பார்ப்பார்.

சுவரில் என்ன மாட்டலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது தும்பறைப் பாய். கண்டிக்குப் பக்கத்தில் நெய்யும் இந்தப் பாய்க் கலையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிக்காரரான கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா தாம் கட்டிய வீட்டின் கதவுகளில் அதைப் பதித்தார். ஜெஃப்ரி பாவாவும் கட்டடக் கலைக்கு வரும் முன் சட்டத்தரணியாக இருந்தவர்தான். உள்ளூர்க் கல்லும் மரமும் ஓடும் வைத்தே உலகத் தரத்தில் கட்டலாம் என்று இந்த இருவரும் காட்டிய பிறகு, நாம் எதற்கு மார்பிளை இறக்குமதி செய்ய வேண்டும்?

கோப்பறை

இந்த அலுவலகத்தின் உண்மையான சொத்து காகிதம். வழக்குக் கோப்புகள், காணி உறுதிகள், நொத்தாரிசு தன் பொறுப்பில் காக்க வேண்டிய உறுதிப் பிரதிகள். ஒன்று கெட்டாலும் ஒரு குடும்பத்தின் காணி சிக்கலில் மாட்டும். எனவே கோப்பறையை ஒருபோதும் பின்சுவரோடு வைக்காதீர்கள். கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவர் எதுவும் தொடாத அறையே சரி.

உள்ளே ஒரு ஈரப்பத மானி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. 45க்கும் 55 வீதத்துக்கும் இடையில் காட்டினால் நிம்மதி. 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் கிளம்பும். தட்டுகள் தரையிலிருந்து ஆறு அங்குலம், சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கட்டும். முழுக்க மூடிய அலுமாரியில் காற்று நிற்கும், எனவே கதவில் சாய்பலகை இடுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீளத் தட்டில் கோப்பு நிறைந்தால் 30 கிலோ சாதாரணமாக வரும். பழைய பலகைத் தரையில் அலுமாரிகளைச் சுவர் ஓரமாக, கீழே ஓடும் விட்டங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

மழை மாதங்களில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இந்த ஓர் அறைக்கு மட்டும் வேண்டும். கடைகளில் அதிகம் விற்பது கம்பிரஷர் வகை. நுவரெலியாக் குளிரில், 15 பாகைக்குக் கீழே, அதன் வேலை பாதியாகிவிடும். அங்கே உறிஞ்சுபொருள் வகையைக் கேட்டு வாங்குங்கள். அலுமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடும் பழைய வழக்கம் குண்டு பல்பின் சூட்டினால் பலித்தது. எல்.ஈ.டி.யில் அந்தச் சூடு கிடையாது, குண்டு பல்போ காகிதத்துக்குப் பக்கத்தில் ஆபத்து. இரண்டும் வேண்டாம். தீயணைப்பானில் தண்ணீர் வகை காகிதத்தை நனைக்கும், கரியமில வாயு வகையில் அணைந்த காகிதத் தீ மீண்டும் பற்றலாம். காகிதத் தீக்கு உரியது எது என்று கேட்டு வாங்குங்கள்.

தரை, பெயின்ட், பழைய சீட்

ஆலோசனை அறைக்குப் பலகைத் தரை அல்லது அசல் லினோலியம். வாசலுக்கும் நடைவழிக்கும் டெராசோ, அதாவது கல்துகள் கலந்து மெருகேற்றிய சிமெந்துத் தரை. கம்பளம் வேண்டுமானால் தூக்கி உதறக்கூடிய விரிப்பாக மட்டும். பெயின்டில் வாடை குறைந்த வகை, செயற்கைப் பலகையில் பசையிலிருந்து வரும் வாயு குறைவு என்று காட்டும் ஈ1 அல்லது ஈ0 முத்திரை. மூடிய யன்னலோடு வேலை செய்யும் குளிர் ஊரில் பசையின் வாடை மாதக்கணக்கில் உள்ளேயே சுற்றும்.

பழைய பொய்க்கூரையைக் கழற்றும் முன் அது அஸ்பெஸ்டோஸ் சீட்டா என்று பாருங்கள். அப்படியானால் அடித்து உடைக்கவோ துளையிடவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் முழுத் தகடாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குத் தூசு வடிகட்டும் சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. துணியைக் கட்டிக்கொள்வது போதாது. அந்தத் தம்பிகளின் நெஞ்சு கெட்டால் உங்கள் அலுவலகத்தைப் பசுமை அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மின்சாரம், சான்றிதழ்

கூரைச் சோலரை நான் கடைசியில்தான் யோசிப்பேன். மேற்குச் சரிவு ஊர்களில் மழை மாதங்களில் அதன் உற்பத்தி நன்றாகவே குறையும். முதலில் தேவையைக் குறையுங்கள், பிறகு கூரை தாங்குமா என்று பார்த்துப் போடுங்கள். சொந்தக் கட்டடம் என்றால் நல்ல முதலீடு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மடிக்கணினி, விளக்கு, ரவுட்டர் மூன்றுக்கும் போதுமான லித்தியம் பேட்டரியும் இன்வேட்டரும் இருந்தால் ஜெனரேட்டர் வேண்டாம்.

இலங்கைப் பசுமைக் கட்டட மன்றம் தரச் சான்றிதழ் கொடுக்கிறது. வெளிநாட்டுக் கம்பனிகளின் வேலை செய்யும் பெரிய நிறுவனத்துக்கு அது உதவும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் அலுவலகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மன்றம் எவற்றையெல்லாம் பார்க்கிறது என்று வாசித்து, அந்தப் பட்டியலை உங்கள் வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

பாஸ்மாரோடு ஒப்பந்தம்

வேலை வரிசை முக்கியம்: கூரை, பீலி, கான். அடுத்தது வயரிங், பைப். பிறகு தடுப்பும் பஞ்சும். கடைசியில்தான் மரவேலை, பெயின்ட். திறப்பு விழாவுக்குத் திகதி குறித்துவிட்டு, ஈரச் சுவருக்கு மேல் மரப்பலகை அடிக்க யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். வாடகை இடமானால் எல்லாவற்றையும் பசை போடாமல் ஸ்குரூவில் மாட்டச் சொல்லுங்கள். குத்தகை முடியும்போது தடுப்பு, அலுமாரி, விளக்கு எல்லாம் அடுத்த இடத்துக்கு உங்களோடு வரும். எதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

வேலையை எடுத்துச் செய்யும் பாஸோடும் பேச்சளவில் நிற்க வேண்டாம். மரத்தின் ஈர வீதம், பஞ்சின் தடிப்பு, தடுப்பின் உயரம், கழிவை யார் எங்கே கொண்டுபோவது எல்லாம் தாளில் இருக்கட்டும். கூலியை வேலை நடக்க நடக்கத் தாமதிக்காமல் கொடுங்கள். மொத்தத் தொகையில் பத்து வீதத்தை மட்டும் முதல் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு பின்சுவர், பொய்க்கூரை, கோப்பறை மானி மூன்றையும் பாருங்கள். ஊறல் இல்லை என்றால் அன்றைக்கே பாக்கியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.